சிவப்பு மையில் எழுதிய படிவம்

அன்று மேலாளர் அறையில் மூன்று பேர் இருந்தோம்: மேலாளர், நர்சிங் சூப்பிரண்டு மேடம், நான். யாரைப் பற்றிப் பேசினோமோ அவர் இல்லை. காலை ஒன்பதரை மணி. இரவு டூட்டி முடித்த அந்த அக்கா, அந்நேரம் வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போயிருப்பார். அவர் எதிரில் இருந்திருந்தால் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். அதனால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பில் எனக்கு வேலை. அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். இருவருக்கும் கைநாட்டுத்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். டிகிரி முடித்து, வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் எம்.பி.ஏ. படித்தேன். கடைசி வருடம் ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டும். 'செவிலியர்களின் மனநிலையும் பணி நிறைவும்' என்று தலைப்பு எடுத்தேன். தினமும் கண்ணெதிரே பார்க்கிறவர்களைப் பற்றி எழுதுவது எளிது என்று நினைத்தேன்.

இருபது கேள்விகள் தயாரித்தேன். கோபத்தை அடக்கிக்கொண்டு சிரிக்க வேண்டியிருக்கிறதா? வீட்டுக்குப் போன பிறகும் நோயாளியின் முகம் நினைவுக்கு வருகிறதா? உங்கள் தங்கையை இந்த வேலைக்கு அனுப்புவீர்களா? கடைசியில் பாதிப் பக்கம் காலி விட்டு, 'உங்கள் மனதைப் பாதித்த ஒரு சம்பவத்தை எழுதவும்' என்று போட்டேன். பெயர் கேட்கவில்லை. வயது கேட்கவில்லை. எந்த ஷிப்ட் என்று ஒரு கட்டம் முதலில் வைத்திருந்தேன். அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாமே என்று அதையும் எடுத்தேன். அப்படி எடுத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது நினைத்தால் முகம் சுடுகிறது.

படிவங்களை எடுத்துக்கொண்டு நர்சுகள் சாப்பிடும் அறைக்குப் போனேன். மணி மூன்று இருக்கும். வார்டு நர்சு ஒருவர் அப்போதுதான் டப்பாவைத் திறந்தார்.

"என்னலே இது?"

"சர்வே சிஸ்டர். மனசுக்கு வேலை நிறைவா இருக்கான்னு..."

"மனசு நிறைஞ்சிருக்கான்னா கேக்குத? மொதல்ல வயிறு நிறைஞ்சிருக்கான்னு கேளுலே. காலையில ஏழு மணிக்கு வந்தவ, இப்பத்தான் சோத்தப் பாக்கேன்."

"இத எழுதினா சம்பளம் கூடுமா?" என்றார் இன்னொருவர்.

"இல்ல சிஸ்டர். எனக்கு மார்க்கு கூடும்."

எல்லோரும் சிரித்தார்கள். யாரும் பேனாவை எடுக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த அந்த அக்கா மட்டும் ஒரு படிவத்தை எடுத்துக் கடைசிக் கேள்வி வரை படித்தார். கேஷுவாலிட்டி நர்சு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் எம்.பி.ஏ. படிப்பது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவர் வைத்த பெயர் 'எம்.பி.ஏ. சார்'.

"ஏட்டி, நிரப்பிக் குடுங்க. பாவூர்சத்திரத்துல மூட்ட தூக்குத மனுசன் மவன் எழுதுத பரீச்சை. நம்மகிட்ட இதுவரைக்கும் எவனாவது இதெல்லாம் கேட்டிருக்கானா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பேரு வராதுல்லா, எம்.பி.ஏ. சார்?"

"வராது சிஸ்டர். சத்தியமா வராது."

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சாகச் சேரும்போது இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பாண்டு என்பார்கள். படித்த சான்றிதழ்கள் அத்தனையும் மேலாளர் அறை இரும்பு பீரோவுக்குள் போய்விடும். நடுவில் நின்றால் பாண்டுத் தொகையைக் கட்டித்தான் மீட்க வேண்டும். அந்த அக்காவுக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி. அதை முடித்து, சான்றிதழும் அனுபவக் கடிதமும் கையில் வந்ததும், செங்கோட்டை தாண்டிக் கேரளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சம்பளம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அப்பா இல்லாத வீடு. அம்மாவும், பிளஸ் டூ படிக்கும் தங்கையும். தங்கையும் நர்சிங் படிக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. நாலு மாதம், நாலு மாதம் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அவர் சொன்ன பிறகு ஒரே வாரத்தில் முப்பத்தொரு படிவம் வந்தது. வரவேற்பு மேசையில் நான் வைத்த அட்டைப் பெட்டியில் மடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் நீல மை. ஏழோ எட்டோ மட்டும் சிவப்பு.

எங்கள் ஆஸ்பத்திரியில் நர்சுகள் பகலில் கேஸ் ஷீட்டை நீல மையில் எழுத வேண்டும், இரவில் சிவப்பு மையில். டாக்டர் புரட்டிப் பார்த்ததும் ராத்திரி என்ன நடந்தது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இரவு டூட்டிக்கு வருகிறவர்களின் சட்டைப் பையில் சிவப்புப் பேனாதான் இருக்கும். காலை ஏழு மணிக்கு, அடுத்த ஷிப்ட்டிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, கையில் இருந்த பேனாவாலேயே என் படிவத்தையும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நான் எடுத்துவிட்ட ஷிப்ட் கட்டத்தை அவர்கள் கை தானாகவே நிரப்பிக் கொடுத்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தபோது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சந்தோசம்தான் வந்தது. இரவுப் பணியாளர், பகல் பணியாளர் என்று பிரித்து ஓர் அட்டவணை போடலாமே! போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வாங்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. ஊழியர் கருத்துக் கணிப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள் போல. மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ என்னமோ சர்வே எடுத்தியாமே. கொண்டா பாப்போம்."

அட்டவணையை மட்டும் எடுத்துப்போயிருக்கலாம். நான் படிவக் கட்டையே புது ஃபைலில் போட்டுக் கொண்டுபோனேன். என் உழைப்பின் கனத்தை அவர் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு என்னையும் சூப்பிரண்டு மேடத்தையும் வரச் சொன்னார். முப்பது படிவம் ஒரு பக்கம் இருந்தது. ஒன்று மட்டும் தனியே அவர் முன்னால் கிடந்தது.

"இதக் கேளுங்க மேடம்," என்று வாசித்தார்.

நான் அதை முன்பே படித்திருந்தேன். போன சீசனில், குற்றாலம் அருவியில் வழுக்கி விழுந்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். கல்யாணமாகி இரண்டு மாதம். கேஷுவாலிட்டிக்கு வரும்போதே உயிர் இல்லை. மனைவி குளித்த ஈரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். 'நான் ஸ்டோர் போர்வையை எடுத்துப் போர்த்தினேன். உடம்பைத் துடைத்து, கட்டிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் அந்தக் கட்டிலைக் கழுவி அடுத்த ஆளைப் படுக்க வைத்தோம். வந்தவர் வயிற்றுவலிக்காரர். ஏன் சிஸ்டர் மூஞ்சியை உம்முனு வச்சிருக்கீங்க என்று கேட்டார். மேலே புகாரும் கொடுத்தார். சிரிக்கவில்லை என்று எனக்கு மெமோ வந்தது. அன்று துணி அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழ வேறு இடம் இங்கே இல்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். இந்த ஆஸ்பத்திரிதான் பிடிக்கவில்லை.'

மேலாளர் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். "தரச் சான்றுக்கு ஆள் வரும்போது இவ இதையே அவங்ககிட்டச் சொன்னா என்ன ஆவும்? யாரு மேடம் இது?"

மேடம் படிவத்தை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பார்த்த உடனே அதை மேசையில் கவிழ்த்து வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

"சீசன்ல எல்லாரையுந்தான் மாத்தி மாத்திக் கேஷுவாலிட்டில போட்டோம். மெமோவும் நாலஞ்சு பேருக்குக் குடுத்தாச்சு. யாருன்னு எப்படிச் சொல்ல, சார்?"

"கையெழுத்து தெரியாதா ஒங்களுக்கு?"

"நாப்பது பேரு கையெழுத்து சார். எல்லாம் கோழி கிண்டின மாதிரிதான் இருக்கும்."

மேலாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "படிச்ச புள்ள, நீ சொல்லு தம்பி," என்றார். அவ்வளவுதான்.

"சார், அது சிவப்பு மை. நைட் டூட்டிக்காரங்கதான் அதுல எழுதுவாங்க," என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. மேலும் சொன்னேன். "மெமோ வாங்குன நாலஞ்சு பேர்ல ஒருத்தங்கதான் இதை எழுதியிருக்க முடியும். அவங்கள்ல, படிவம் திரும்பி வந்த வாரம் நைட் பாத்தது கேஷுவாலிட்டில இருக்க ஒருத்தங்கதான் சார்."

"பாத்தியளா மேடம்! முப்பது வருச சர்வீஸ்ல ஒங்களுக்குப் புலப்படாதது பயலுக்குப் புலப்பட்டுட்டு."

மேடம் படிவத்தின் மேலிருந்த கையை எடுத்தார். எழுந்து போகும்போது என்னை ஒரு தரம் பார்த்தார். முப்பது வருடமாகச் சிவப்பு மையில் எழுதியவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும் என்பது, கதவு சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம், மேலாளர் என்னைப் பாராட்டியதைச் சொன்னேன். மை விவரத்தையும் சொன்னேன். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

"நாங்களும் அப்பிடித்தாமுலே. சாக்குல எவன் பேரும் இருக்காது. வாயைக் கட்டியிருக்க கட்டப் பாத்தே இது கடையத்து மூட்ட, இது இன்ன ஊரு மூட்டன்னு சொல்லிப்புடுவோம்." பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுப்பா," என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை டூட்டி பட்டியலில் அக்காவின் பெயர் கேஷுவாலிட்டியில் இல்லை. வரவேற்பில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் போட்டிருந்தார்கள். வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு வணங்கி, எந்த டாக்டர் எந்த அறை என்று சொல்ல வேண்டும். ஊசி, மருந்து எதையும் தொடக் கூடாது. "சிரிக்கத் தெரியலன்னா பழகிக்கிடட்டும்," என்று மேலாளர் சொன்னதாகக் காதில் விழுந்தது. மற்ற நர்சுகள் அவர் பக்கத்தில் வரப் பயந்தார்கள். என் பக்கத்திலும் யாரும் வரவில்லை. அது வேறு காரணம்.

ஐந்து வாரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நகர்த்துவார், பேனா கேட்பார், டோக்கன் எண் சொல்வார். எம்.பி.ஏ. சார் என்று மட்டும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறுவேன். சாயங்காலம் சொல்லாமல் திரும்புவேன்.

ஒரு மத்தியானம் ஆட்டோவில் ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேச்சு மூச்சு இல்லை. கேஷுவாலிட்டியில் அப்போது பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்திதான். அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். டாக்டர் வருகிற வரைக்கும் அவர்தான் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். பெரியவர் பிழைத்தார். வெளியே வந்த அக்காவின் முடி கலைந்து, முகம் வேர்த்திருந்தது. ஐந்து வாரத்தில் அன்றுதான் அவர் உண்மையாகச் சிரித்துப் பார்த்தேன்.

மேலாளர் வந்து, பத்துப் பேர் பார்க்க, "ஒன் எடம் எது? யாரு ஒன்னைய உள்ள போவச் சொன்னா?" என்று கேட்டார். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கடிதத்தை டைப் செய்யும் வேலை எனக்கு வந்தது. செய்தேன். 'இனிமேல் எனக்கு ஒதுக்கப்பட்ட பணியை மட்டுமே செய்வேன் என உறுதி கூறுகிறேன்' என்று முடித்து, அச்செடுத்து, அவர் முன்னால் வைத்தேன்.

அவர் பொறுமையாகப் படித்தார். "நல்லாத்தான் எழுதிருக்கிய," என்றார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"கையெழுத்து எந்த மையில போடணும், தம்பி?"

அவர் தாளை மடித்து என் கீபோர்டுக்குக் கீழே வைத்தார். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். பாண்டு முடிய இரண்டரை மாதம் இருந்தது.

ஆய்வறிக்கையைக் கொடுத்தேன். முதல் வகுப்பு வந்தது. 'இரவுப் பணியிலிருப்போரிடம் பணி நிறைவு குறைவாகக் காணப்படுகிறது' என்ற என் முடிவைப் பாராட்டி ஓரத்தில் எழுதியிருந்தார்கள். அந்த முடிவை எழுதுவதற்காக, மேலாளரிடமிருந்து திரும்பி வந்த முப்பத்தொரு படிவத்தையும் மறுபடி எண்ணியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மேலாளர் தனியே எடுத்து வைத்த அந்தப் படிவத்தில், தங்கையை இந்த வேலைக்கு அனுப்புவீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக் அடித்திருந்தது. அழுத்தி, இரண்டு தரம். அன்று அந்த அறையில் இருந்த எங்களில் யாரும் அந்த வரியைப் பேசவில்லை.

ஜூன் கடைசியில் சாரல் தொடங்கிவிட்டது. அக்கா குற்றாலத்தில் இருப்பதாக ஒரு நர்சு சொன்னார். அவர் மாமா சீசனுக்குப் போடும் பழக்கடையில். ஞாயிற்றுக்கிழமை போனேன். அருவிக்குப் போகிற வழியில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, மங்குஸ்தான் குவியலுக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய தங்கை ரம்புட்டானைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய் தேய்த்த ஆட்கள் துண்டோடு உரசிக்கொண்டு போனார்கள்.

"வாங்க எம்.பி.ஏ. சார். குளிக்க வந்தியளா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் என்ன சொல்ல வந்தேனோ அதை விட்டுவிட்டு, "மங்குஸ்தான் கால் கிலோ குடுங்க அக்கா," என்றேன்.

"ஏட்டி, இங்கன பாரு," என்று தங்கையிடம் சொன்னார். "மன்னிப்புக் கேக்க வந்த ஆளு கால் கிலோ வாங்குதாரு. ஒரு கிலோவாது வாங்குலே!"

தங்கை சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். மேலாளர் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும், மேடம் மறைக்கப் பார்த்ததையும், நானாகத்தான் சொன்னேன் என்பதையும் சொன்னேன். சாரல் தார்ப்பாயில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் தராசில் பழத்தைப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மேடம் அன்னைக்கே வந்து சொல்லிட்டாவ. நீயா வந்து சொல்லுவன்னு அஞ்சு வாரம் பக்கத்துலயே இருந்தேன்."

"அக்கா..."

"காலையில ஏழு மணிக்கு எவளாவது பேனாவ மாத்திட்டு எழுதுவாளா? கையில இருந்ததுல எழுதிட்டேன். எந்தப் பேனான்னுகூட நான் பாக்கல. நீ பாத்திருக்க."

பாண்டுத் தொகையில் பாதியை நான் தருகிறேன் என்றேன். சேர்த்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"நீ தந்தா ஒனக்குத் தூக்கம் வரும். எனக்கு என்னலே வரும்?" கோபமாகச் சொல்லவில்லை. பழத்தைப் பையில் போட்டு நீட்டினார். "சான்றிதழ் இல்லாம கேரளாவுல உள்ளயே விட மாட்டங்காவ. அந்த எடத்துக்கு வேற ஆளு எடுத்தாச்சு. இனி புதுசாத் தேடணும். புதன்கிழம அம்மையும் நானும் வந்து கட்டிட்டு வாங்கிக்கிடுதோம். இவ காலேஜிக்குன்னு வச்சிருந்தது இருக்கு."

"நீ நர்சிங் போகலையா?" என்று தங்கையைக் கேட்டேன்.

"நானா? பி.காம் போறேன் அண்ணே. அரசுக் கல்லூரி. பீஸு கம்மி," என்றாள் அவள், ரம்புட்டான் கூறிலிருந்து கண்ணை எடுக்காமல். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேறொரு ஆளுக்கு விலை சொல்லத் தொடங்கினார்.

நான் இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். வரவேற்பிலிருந்து மனிதவளப் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளமும் கொஞ்சம் கூடியது. வேலையை விடவில்லையா என்று கேட்டால், வீட்டில் என் ஒருவன் சம்பளம்தான் மாதம் தவறாமல் வருகிறது. அது காரணம்தான். அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டும் இருக்கிறேன்.

புதன்கிழமை இருவரும் வந்தார்கள். புது வேலையில் ரசீது எழுதுவதும் என் பொறுப்பு. அக்காவின் அம்மா என்னை யாரென்று தெரியாமல், "நல்லாருக்கியளா தம்பி?" என்று விசாரித்தார். அக்கா அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மேலாளர் பீரோவைத் திறந்து சான்றிதழ் உறையைக் கொடுத்தார். அக்கா ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். நான் நீல மையில் ரசீதை எழுதினேன். பாண்டு ஐம்பதாயிரம். முன்னறிவிப்பின்றி நின்றதற்கு ஒரு மாதச் சம்பளம் பதிமூவாயிரத்து ஐந்நூறு. மொத்தம் அறுபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.